இரும்புக் கடைக்காரர் வேண்டாம் என்றவை: தருமபுரியில் இரண்டு மின்கழிவு முகாம்கள்

முதல் முகாமை ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடத்தினோம். தருமபுரி நகரத்துக்குள் ஒரு பள்ளி வளாகம். வேப்பமரத்தடியில் இரண்டு மேசை, ஒரு எடை மெஷின், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பன்னிரண்டு பேர், 'உங்கள் வீட்டு மின்கழிவை எங்களிடம் தாருங்கள்' என்று பத்தடி நீளத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அந்த ஃபிளெக்ஸை முகாம் முடிந்ததும் எங்கே போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம்.

மதியம் வரைக்கும் வந்தது இவ்வளவுதான்: ரிமோட்டுகள், பழைய சார்ஜர்கள், ஒரு காது மட்டும் கேட்கும் ஹெட்போன்கள், எரியாத சி.எஃப்.எல் பல்புகள், ஒரு கால்குலேட்டர், பழைய தரைவழித் தொலைபேசிகள் இரண்டு. மூன்று அட்டைப்பெட்டி நிறையவில்லை.

பன்னிரண்டரை மணி வாக்கில் பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பதிவு செய்த குரல் ஒன்று திரும்பத் திரும்ப ஓடியது. "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஓடாத மிக்சி, ஓடாத கிரைண்டர், பழைய ஃபிரிட்ஜ், உடைஞ்ச சேர் எடுக்கறோம்..." சற்று முன்புதான் எங்கள் மேசைக்கு வந்து ஒரு ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போன அக்கா, கையில் மிக்சியோடு வண்டியை நோக்கி ஓடினார். பேரம் பேசிக் காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பும்போது எங்களைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் வெட்கம். "தப்பா நெனச்சுக்காதீங்க சார், அவரு காசு தர்றாரு."

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். ஈயம், பாதரசம், காட்மியம் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தயாராக வந்திருந்தேன். அந்த அக்காவிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பரணில் என்ன இருக்கிறது

சரி, குப்பையே இல்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதனால் அடுத்த சில வாரம் மாலை நேரங்களில் பாரதிபுரம், நெசவாளர் காலனி பக்கம் தெரிந்த வீடுகளாக ஏறி இறங்கினோம். எதையும் கேட்டு வாங்கவில்லை. பரணில், கட்டிலுக்கு அடியில், பீரோ மேல் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டோம்.

இருந்தது. அடுக்கடுக்காக இருந்தது. பரணை மேலிருந்து கீழே இறக்கினால் தமிழ்நாட்டின் கடைசி இருபது வருஷ அரசியல் இறங்கி வரும். அடியில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டி. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தது அது. அதற்கு மேல் 2008 தொடங்கி ஐந்தாறு வருஷம் மின்வெட்டில் தவித்த காலத்து எமர்ஜென்சி விளக்குகள், செத்துப்போன இன்வெர்ட்டர், மின்கட்டணம் குறையும் என்று வாங்கிக் குவித்த சி.எஃப்.எல் பல்புகள். அப்புறம் 2011-க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. அவற்றின் மேல், பிள்ளை பிளஸ் டூ படித்தபோது வந்த மடிக்கணினி. எல்லாவற்றுக்கும் உச்சியில், பிஸ்கட் டப்பாவில், செல்போன்கள்.

ஏன் போடவில்லை என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். மடிக்கணினிக்கு, "பையன் படிச்சது அதுலதான்." மிக்சிக்கு, "ஜார் மட்டும்தான் போச்சு, மோட்டார் நல்லாத்தான் இருக்குது." டிவிக்கு ஒரு ஆயா சொன்ன பதில்தான் என்னால் மறக்க முடியாதது. "கவர்மெண்டு குடுத்தது. நாளைக்கு வந்து எங்கேன்னு கேட்டா?" அந்த டிவியின் மேல் ஒரு துணியை விரித்து, சாமி படங்களை வைத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் அரசு முத்திரை அழியாமல் இருந்தது.

செல்போனுக்கான காரணம் எல்லா வீட்டிலும் ஒன்றேதான், ஆனால் யாரும் முதலில் சொல்லவில்லை. ஆண்கள் எழுந்து வெளியே போன பிறகு, கூட வந்த மாணவிகளிடம்தான் சொன்னார்கள். போட்டோ. 'உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே நினைவில்லை, யார் கையிலாவது போய்விட்டால்?' ஆன் ஆகாத போனிலிருந்தும் படங்களை எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது பொய்யான பயமும் அல்ல.

ஆக, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நாங்கள் எழுதி வைத்திருந்த முதல் அறிக்கையைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. பரணில் இருப்பது அவர்களுக்குக் குப்பை அல்ல. பாதி, என்றாவது சரிசெய்துகொள்ளப் போகும் பொருள். மீதி, கைவிட்டுப் போனால் வம்பு வரும் பொருள்.

கடைக்குப் பின்னால்

அடுத்து இரும்புக் கடைக்குப் போனோம். ஊருக்கு வெளியே சேலம் போகிற வழியில், தகரக் கொட்டகை. கடைக்கார அண்ணன் எங்களை வரவேற்கவில்லை. ரெய்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார். ஒரு டீ முடிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

அவருடைய கணக்கு தெளிவானது. மிக்சி என்றால் அவருக்கு மோட்டார், மோட்டார் என்றால் காயில், காயில் என்றால் தாமிரம். ஃபிரிட்ஜ் என்றால் கம்ப்ரசர். கம்ப்யூட்டர் போர்டு வந்தால் தனியாகச் சேர்த்து வைப்பார். அதை வாங்கிப் போக பெங்களூரிலிருந்து ஆள் வரும். மின்கழிவைப் பிரிப்பதில் எங்கள் மாணவர்களைவிட அவருக்குத்தான் கை தேர்ந்திருந்தது. எது அலுமினியம், எது தாமிர முலாம் பூசிய அலுமினியம் என்று அரம் வைத்து ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லிவிடுகிறார்.

"டிவி வந்தா என்ன பண்ணுவீங்கண்ணா?"

எழுந்து போய் செய்தே காட்டினார். பின்மூடியைக் கழற்றினால் படக்குழாய் தெரியும். புனல் மாதிரி இருக்கும். புனலின் கழுத்தில் சுற்றியிருக்கும் தாமிரச் சுருளுக்கு யோக் என்று பெயர். அவருக்கு வேண்டியது அது மட்டும்தான். சுத்தியலால் கழுத்தில் ஒரு தட்டு. உள்ளே வெற்றிடம் என்பதால் காற்று 'புஸ்'ஸென்று இழுத்துக்கொண்டு போகிற சத்தம். யோக் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்து வெள்ளைப் பொடி கொஞ்சம் அவர் முழங்கையில் படிந்தது, ஊதித் தட்டிவிட்டார். போர்டு ஒரு மூட்டைக்கு, பிளாஸ்டிக் ஒரு மூட்டைக்கு. மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"கண்ணாடி?"

"அதுதான் தலைவலி. யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். கொஞ்சதூரம் நடந்தால் ஏரிக்கரை. கழுத்து உடைந்த படக்குழாய்கள் சீமைக்கருவேலத்துக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தன. எண்ண ஆரம்பித்து அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். இந்தப் புனல் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. டிவி பார்ப்பவர்மேல் எக்ஸ்ரே கதிர் படாமல் தடுக்கச் சேர்த்தது அது. டிவி ஓடிய காலத்தில் நம்மைக் காப்பாற்றியது, உடைந்து மண்ணில் கிடந்து மழையில் ஊறும்போது எதிரியாகிறது.

எங்கள் மாவட்டத்தில் இதை யாருக்கும் நீட்டி விளக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமாகி, காவி படிந்த பல்லும் வளைந்த காலுமாக இரண்டு தலைமுறை பார்த்தவர்கள். 2013-இல் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். புளோரைடு பாறையிலிருந்து வந்தது, அதற்கு நாம் பொறுப்பல்ல. ஏரிக்கரையில் கிடந்த ஈயம் நம் வீட்டுக் கூடத்திலிருந்து போனது. "போர் தண்ணியில புதுசா ஒண்ணு கலக்கப் போவுது" என்று ஒரு மாணவன் தெருவில் சொன்னபோது, என் ஒரு மணி நேரப் பேச்சுக்கு வராத கூட்டம் அவனுக்கு நின்றது.

விதியும் காசும் போகிற வழி

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2022-இல் அறிவித்த மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பட்டியலில் 106 வகைப் பொருள்கள். பொருளை விற்ற நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு. அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பங்கு 2023-24இல் 60 சதவீதம், பிறகு 70, 2027-28 முதல் 80 என்று இலக்கு ஏறுகிறது. இலக்கை எட்டியதற்குச் சான்று, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் உருவாக்கும் சான்றிதழ். அதை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு என்ற நாலு உலோகங்களை மீட்டதற்குத்தான் கிடைக்கும். ஈயக் கண்ணாடிக்குச் சான்றிதழ் இல்லை. அதாவது சுத்தியலோடு நிற்கும் இரும்புக் கடை அண்ணனும், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பெரிய ஆலையும் தேடுவது ஒரே பொருளைத்தான். காசு உலோகத்தின் பின்னால் போகிறது, விஷம் ஏரிக்கரையில் தங்கிவிடுகிறது. உலகத்தில் 2022-இல் உண்டான 6.2 கோடி டன் மின்கழிவில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரிக்கப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. மீதியில் பெரும்பங்கு எப்படிப் போகிறது என்பதை நாங்கள் கொட்டகைக்குப் பின்னால் பார்த்துவிட்டோம்.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. செல்போனில் தங்கம் இருக்கிறது என்று எங்கள் முதல் துண்டறிக்கையில் பெருமையாகப் போட்டிருந்தோம். ஒரு டன் பழைய போனில் 300 கிராம் அளவு இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கோலார் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவை. 2001-இல் மூடும் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தாலும் அங்கே கிடைத்தது விரல்விட்டு எண்ணும் கிராம்கள்தான். அந்த ஒப்பீடு மேடைக்கு நன்றாக இருந்தது. விளைவு? "அப்ப எனக்கு எவ்வளவு தங்கம் வரும்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ஒரு போனுக்கு முப்பது மில்லிகிராம் என்றாலே அதிகம். மூக்குத்தித் திருகாணிக்கும் காணாது. அதைப் பிரிக்க ஆலை வேண்டும். இரண்டாவது துண்டறிக்கையிலிருந்து தங்கத்தை எடுத்துவிட்டோம்.

இரண்டாவது முறை: போகிக்கு முந்தைய வாரம்

ஆகஸ்டில் யாரும் பரண் ஏறுவதில்லை. பழையன கழிக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. அதனால் ஜனவரியில் போகிக்கு முன் ஆறு நாள் என்று வைத்தோம். வந்து கொடுங்கள் என்று உட்காராமல், வார்டில் காலையில் குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காக்களிடம் முதல் நாளே சொல்லி, அவர்கள் பின்னாலேயே நாங்கள் போனோம். எந்த வீட்டில் என்ன கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வீட்டுக்காரருக்கே தெரியாது.

இரும்புக் கடைக்குப் போட்டியாக நிற்பதில்லை என்று முடிவு செய்தது இந்த முறைதான். மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க வந்தவர்களிடம், "கடையில் போட்டால் காசு வரும், அங்கே போடுங்கள்" என்றே சொன்னோம். மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. எடை குறையும் என்றார்கள். குறைந்தது. அவர் எடுக்காததையும், எடுத்தால் கெடுதல் வரும் பொருளையும் மட்டும் கேட்டோம்: படக்குழாய் டிவி, பல்பு, பேட்டரி, போன். அண்ணனோடும் ஒரு ஒப்பந்தம். யோக்கைக் கழற்றிக்கொள்ளலாம், ஆனால் கழுத்தை உடைக்காமல், கிளாம்பைத் தளர்த்தி உருவ வேண்டும். முழுசாகத் தரும் ஒவ்வொரு குழாய்க்கும் ஐம்பது ரூபாய். முதல் நாள் இரண்டு உடைந்தன. மூன்றாம் நாள் அவர் வேகம் சுத்தியல் காலத்து வேகத்துக்குக் கிட்ட வந்துவிட்டது.

அந்த ஐம்பது ரூபாய் எங்கிருந்து? போனும் மடிக்கணினியும்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்று, போர்டு உள்ள பொருளுக்கு எடைக்குக் காசு தரும், டிவியைச் சும்மா எடுத்துக்கொள்ளும், வண்டி நிறையாவிட்டால் வாடகை நம் தலையில் என்றது. போன் வந்தால்தான் டிவி போகும். போன் வர வேண்டுமென்றால் போட்டோ பயம் போக வேண்டும்.

அதற்காக ஒரு தனி மேசை. சேலையை மறைப்பாகக் கட்டி, இரண்டு மாணவிகள் மட்டும் உட்கார்ந்தார்கள். முதல் முகாமில் கேலிக்குரியதாகத் தோன்றிய சார்ஜர் பெட்டிக்கு இங்கேதான் உயிர் வந்தது. நோக்கியாவின் மெல்லிய பின், குண்டு பின், மைக்ரோ யூ.எஸ்.பி என்று எல்லாம் அதில் கிடந்தது. போனை உயிர்ப்பித்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கையில் கொடுத்து, உரிமையாளர் கண் முன்னால் எல்லாவற்றையும் அழித்துக் காட்டினார்கள். உயிர் வராத போனை ஆணியால் குத்தச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். பேட்டரியைக் கழற்ற முடியாத போனைக் குத்தக் கூடாது, தீப்பிடிக்கும். அவற்றைப் பூட்டிய பெட்டியில் போட்டு, எண் எழுதிய ரசீது கொடுத்தோம். ரசீதின் பலத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். சாமி படம் வைத்திருந்த ஆயா, "கவர்மெண்டு கேட்டா இதைக் காட்டலாமா?" என்று கேட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு டிவியைக் கொடுத்துவிட்டார். சாமிக்கு மாற்று ஸ்டூல் ஒன்று நாங்கள் தேடித்தர வேண்டியிருந்தது.

ஒரு அக்காவின் போன் பத்து வருஷத்துக்குப் பிறகு ஆன் ஆயிற்று. உள்ளே ஒரு கன்றுக்குட்டியின் படம், மங்கலாக. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்" என்று மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இப்படி உயிர் வந்து வீட்டுக்கே திரும்பிய போன்கள் ஏழெட்டு. மறுசுழற்சியைவிட மறுபயன்பாடு மேல் என்று பாடத்தில் சொல்லித்தந்தவன் நான். பெட்டி காலியாவதைப் பார்த்து எனக்கே உள்ளுக்குள் வருத்தமாகத்தான் இருந்தது.

சறுக்கியவை

மூன்றாம் நாள் மாலை சணல் சாக்கிலிருந்து புகை. உப்பிப்போன பேட்டரி ஒன்று, அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. பக்கத்தில் மணல் வாளி இருந்ததால் சாக்கோடு முடிந்தது. அந்த வாளியை வைக்கச் சொன்னது நான் அல்ல, பள்ளிக் காவலாளி. மறுநாள் முதல் ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் பரப்பிய தகரப் பெட்டியில் தனித்தனியாக வைத்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

அடுத்தது செட்டாப் பாக்ஸ். வந்தவரை வாங்கிப் பெருமையாக அடுக்கிய பிறகு உள்ளூர் கேபிள்காரர் வந்து நின்றார். "சார், இதெல்லாம் எங்க கணக்குல இருக்குது." கொடுத்தவர்களுக்கு அது சொந்தமில்லை. ஒவ்வொன்றையும் வீடு தேடித் திருப்பிக் கொடுப்பதில் ஒரு நாள் போயிற்று.

சி.எஃப்.எல் பல்புகளை அட்டைப்பெட்டியில் நிற்க வைத்து, இடையில் செய்தித்தாள் திணித்தும் சில உடைந்தன. ஒவ்வொன்றிலும் பாதரசம் சில மில்லிகிராம்தான், ஆனாலும் மூடிய அறை. சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். துடைப்பம் போடாமல் அட்டையால் வழித்து, பொடியை டேப்பில் ஒற்றி எடுத்து, மூடியுள்ள ஜாடியில் போட்டோம்.

பெரிய சறுக்கல், வண்டி. பொங்கல் முடிந்ததும் வரும் என்றார்கள், மாசி பிறந்தும் வரவில்லை. நிறுவனங்களே மின்கழிவை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது விதி. எங்களுக்கோ பள்ளியில் கிடைத்தது பத்து நாளுக்கு ஒரு அறை. தேர்வு நெருங்க நெருங்கத் தலைமையாசிரியரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் வண்டி வந்தபோது 83 முழுப் படக்குழாய்கள் ஏறின. அதில் பாதிக்கு மேல் வீடுகளிலிருந்து வந்தவையல்ல, இரும்புக் கடை அண்ணன் கொடுத்தவை.

செய்திக்கு வந்த நிருபர் மொத்தம் எத்தனை டன் என்று கேட்டார். டன் கணக்கில் சொல்ல ஒன்றும் இல்லை என்றேன். எழுதாமலே போய்விட்டார்.

ஏரிக்கரையில் ஏற்கெனவே கிடந்தவை இன்னும் அப்படியே கிடக்கின்றன. உடைந்த கண்ணாடியை எடுத்துக்கொள்ள அந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜ் பக்கமும் நாங்கள் போகவில்லை. கம்ப்ரசர் குழாயை வெட்டும்போது வெளியேறும் வாயு, பழைய ஃபிரிட்ஜ்களில் இருக்கிற வகையாக இருந்தால், கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அதை உறிஞ்சி எடுக்கும் கருவி ஏ.சி. மெக்கானிக்குகள் சிலரிடம் இருக்கிறது. ஒருவரைப் பார்த்துப் பேசியிருக்கிறோம். ஒரு ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு கேட்பார் என்பதில் நிற்கிறது பேச்சு.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். "சார், பதினொரு கொழா முழுசா எடுத்து வெச்சிருக்கேன். மழை வர்ற மாதிரி இருக்குது. எங்க வெக்கட்டும்?" பள்ளி அறையின் சாவி எங்களிடம் இல்லை. என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.